மசாஜர்னு ஒரு சமாச்சாரம்

மக்களே, இது பெரியவங்களுக்கு மட்டும். 'பாடி மசாஜர்' என்று வந்த சரக்கை, செக்ஸ் டாயாகவும் பயன்படுத்தலாம் என்று சொல்லி சுங்கத்துறை பிடித்து வைத்தது. ஆதாரம், ஆபாசப் புத்தகம், படம், உருவம் பற்றிய 1964ஆம் வருஷ அறிவிக்கை! அது அதிகாரியின் கற்பனை என்று 2024 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சரி, ஆனால் பேரை ஒளித்து விற்கும் பொருளில் எதனால் செய்தது என்று யாரும் கேட்பதில்லையே, அதுதான் எனக்குக் கவலை.

நிஜத் தோல் மாதிரி மெத்தென்று இருப்பது பெரும்பாலும் டிபிஇ. கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் எத்தனை கழுவினாலும் கிருமி தங்கும். ஆணுறை மாட்டித்தான் பயன்படுத்த வேண்டும், ஒருத்தருடையதை இன்னொருத்தர் தொடக்கூடாது. சிலிக்கோனில் துளை இல்லை. விலை ஜாஸ்தி, மோட்டார் இல்லாததென்றால் கொதிநீரிலும் போடலாம். பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று அடித்தால் வாங்கவே வாங்காதீர்கள். இதற்கென்றே 2021ல் ஐஎஸ்ஓ 3533 தரநிர்ணயம் வந்தாச்சு.

நம்மாட்கள் எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய்தான் :-) இங்கே வேண்டாம். டிபிஇ கெட்டுவிடும், லேடெக்ஸ் ஆணுறை கிழியும். தண்ணீர் சார்ந்த ஜெல் போதும்.

சீத்தா கேம்ப் மாதிரி ஒற்றை அறை வீட்டில், மும்பை மழையில், இதை எங்கே காயவைப்பது? கொடியிலா?! மிதமான சோப்பில் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, ராத்திரி ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு, காலையில் பருத்திப் பையில் போட்டு பீரோவில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் பூஞ்சைதான். டிபிஇ பிசுபிசுத்தால் சோளமாவு லேசாகத் தூவலாம். அரிப்பு, எரிச்சல் வந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.