நாலு டம்ளர், ஒரு துண்டு, கொஞ்சம் சாக்லேட் பால்!

வெள்ளையா இருந்தா பால் உள்ளே இறங்காதுன்னு அடம்பிடிச்ச பரம்பரை நாம. ஒரு ஸ்பூன் பிரவுன் பவுடர் விழுந்து கலர் மாறினால்தான் டம்ளர் காலியாகும். அதுலயும் ரெண்டு கட்சி. சச்சின் ரசிகன்னா பூஸ்ட், டி.வி-யில க்விஸ் பார்க்கிற படிப்ஸ்னா போர்ன்விட்டா. சிங்கப்பூர்ல மாமா இருக்கிறவன் மட்டும் மைலோ டப்பாவைக் காட்டி சீன் போடுவான். காலேஜ் வந்தும் இந்தச் சண்டை ஓயலை. 'எதுடா பெஸ்ட் சாக்லேட் பால்?' என்று எங்க ஹாஸ்டல் மூன்றாவது மாடியில் ராத்திரி ஒரு மணி வரை பட்டிமன்றம் நடந்திருக்கிறது.

"பேரைப் பார்த்து ருசிக்கிறதுதான்டா பிரச்னையே. கண்ணைக் கட்டிட்டுக் குடிங்க, உண்மை வெளியே வரும்" என்றான் ஃபுட் டெக்னாலஜி படிக்கிற சேலத்துக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறிச்சோம்.

நாலு எவர்சில்வர் டம்ளர், அடியில் நம்பர் ஒட்டியாச்சு. ஒண்ணாம் நம்பர், டப்பா மால்ட் பவுடர் கலந்த பால். ரெண்டாவது, பெட்டிக்கடை டெட்ரா பேக். மூணாவது, பால் பூத்தில் வாங்கின கண்ணாடி பாட்டில். நாலாவது எங்க சொந்தத் தயாரிப்பு: மெஸ் பால், இனிப்பில்லாத கோகோ பவுடர், டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை. எல்லாமே ஃப்ரிட்ஜில் வைத்து ஒரே சில்லு. ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவுல தண்ணி, ஒரு கடி பொறை. கண்ணுக்குத் துண்டு. துவைச்ச துண்டுதான், பயப்படாதீங்க!

முதல் ரவுண்டில் ஆறு ஓட்டில் நாலு, டெட்ரா பேக்குக்கு. ஒண்ணாம் நம்பரைக் குடிச்சவன், "இது சாக்லேட்டே இல்ல மச்சான், பிஸ்கட் முக்கின பால்" என்றான். சரியாத்தான் சொன்னான். அந்த டப்பாக்களில் தூக்கலா இருக்கிறது மால்ட், அதாவது முளைகட்டின பார்லியின் ருசி. கோகோ சும்மா கெஸ்ட் ரோல். மூணாம் நம்பரில் லேசா பால்கோவா வாசம். பாட்டிலில் அடைச்சு, 110 டிகிரிக்கு மேல பல நிமிஷம் சூடாக்கும்போது பாலின் சர்க்கரையும் புரதமும் வினைபுரிஞ்சு வர்ற வாசம் அது. டெட்ரா பேக் பாலை 135 டிகிரிக்கு மேல சில விநாடிதான் காட்டி எடுக்கிறாங்க, அதனால அந்த வாசம் குறைவு. நாலாம் நம்பருக்குக் கிடைச்ச பேர், "கஷாயம்".

இங்கேதான் சேலத்துக்காரன் வில்லன் ஆனான். "ஒரு மணி நேரம் வெளியே வெச்சுட்டுத் திரும்பக் குடிங்க" என்றான். அதே பால், அதே டம்ளர். ஆனா டெட்ரா பேக்கை வாயில வெச்ச நாலு பேர் முகமும் அஷ்டகோணல். "பாயசம்டா இது!"

விஷயம் சிம்பிள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு கம்மியாத் தெரியும். ஜில்லுனு குடிக்கிற சரக்கில் அதை ஈடுகட்ட சர்க்கரையைக் கூட்டிப் போடணும். உருகின ஐஸ்க்ரீம் திகட்டுறதும் இதனாலதான். சூடு ஏறினதும் எங்க 'கஷாயம்' முதல் இடத்துக்கு வந்துடுச்சு!

அடுத்து லேபிள் ஆராய்ச்சி. ஒரு குறிப்பு, நோட் பண்ணிக்கோங்க. பாலிலேயே 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் இயற்கைச் சர்க்கரை உண்டு. லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம்னு இருந்தா, பாதி மாட்டோடது, பாதி கம்பெனியோடது. 200 மில்லி குடிச்சா சேர்த்த சர்க்கரை 10 கிராம், அதாவது ரெண்டரை டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னபடி, ஒரு நாளைக்கு மொத்தமே சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினா நல்லது. எங்க மால்ட் டப்பாவைத் திருப்பினோம். 100 கிராம் பவுடரில் 30 கிராமுக்கு மேல சர்க்கரை!

டெட்ரா பேக்கைப் படிச்சுட்டிருந்த ராமநாதபுரத்துக்காரன், "ஐ.என்.எஸ். 407-ன்னா என்னடா?" என்றான். கோகோ பாலில் கரையாது, அடியில தங்கிடும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு துளி கேராஜீனன் சேர்ப்பாங்க. கடல்பாசியில் இருந்து எடுக்கிற பொருள். சேலத்துக்காரன் பாசியோட பேரைச் சொன்னதும் இவன் நிமிர்ந்தான். "கப்பாபைகஸா? எங்கம்மா வளர்க்கிறது அதாண்டா!"

மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் பாசி கட்டி, 45 நாள் கழிச்சு அறுத்துக் காயவைக்கிற வேலை. இடுப்பளவுத் தண்ணியில் நின்னு, உப்பில் விரலெல்லாம் வெடிச்சுப்போற வேலை. அந்தக் காசில்தான் அவன் ஸ்கூல் படிச்ச காலத்திலிருந்து மாசம் ஒரு மால்ட் டப்பா. அந்த ஒண்ணாம் நம்பர் டப்பா அவனோடது. 'ஹெல்த் டிரிங்க்'னு நம்பித்தான் அந்தம்மா வாங்கினாங்க. 2006-ஆம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. அதனாலதான் 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகள் இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கணும்னு மத்திய அரசு சொன்னது.

அன்னிக்கு ராத்திரி வராண்டாவில் நின்னு போன் பேசினான்.

"அம்மா, அடுத்த மாசம் டப்பா வாங்காதே."

"ஏன்யா? காசு இருக்குய்யா. படிக்கிற புள்ளைக்குத் தெம்பு வேணாமா?"

அவன் சர்க்கரைக் கணக்கெல்லாம் சொல்லலை. "தெம்பெல்லாம் இருக்கும்மா. அந்தக் காசுக்கு உன் கைக்கு நல்ல கிளவுஸா வாங்கு" என்றான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப வெறும் பாலாய்யா குடிப்பே?"

"கோகோ போட்டுக்கிறேன்மா."

"அது என்னய்யா?"

அரைமணி நேரம் விளக்கினான். நீங்களும் கேட்டுக்கோங்க. ஒரு டீஸ்பூன் கோகோ, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் சூடான பால். முதல்ல குழைச்சுப் பசையாக்கணும், அப்புறம்தான் மீதிப் பால். நேரா கொட்டினா கட்டி கட்டியா மிதக்கும். குடிக்கும்போது அடியில ஒரு கலக்கு, 407-க்குப் பதிலா நம்ம ஸ்பூன்!

அடுத்த ஞாயிறு ரோஸ் மில்க். துண்டு ரெடி!