உளி பிடிக்கும் ஊர்

உங்கள் வீட்டுக் கூடத்தில் மரத்தில் செதுக்கிய பிள்ளையார் இருக்கிறாரா? இருந்தால், அவர் கள்ளக்குறிச்சிக்காரராக இருக்கவும் கூடும். அவர் பிறந்த ஊரை ஒரு நடை பார்த்து வருவோமா?

சென்னையிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டிச் சேலம் சாலையைப் பிடித்தால் கள்ளக்குறிச்சி. 2019-ல் தனி மாவட்டமாயிற்று. இந்த வட்டாரத்து மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை இனி இந்தப் பெயர் சொல்லி விற்க முடியாது!

ஏதாவது ஒரு பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். சிற்பி தரையில் உட்கார்ந்து, மரத்துண்டைக் காலால் அணைத்துக்கொண்டு, ஒரு கையில் உளியும் மறு கையில் கொட்டாப்புளியுமாக வேலை செய்வார். 'டொக், டொக்' என்ற சத்தத்தில் தாமரை இதழ் ஒவ்வொன்றாய் விரியும். முதல் தடவை எல்லோரும் தாமரையைத்தான் பார்ப்போம். இரண்டாம் தடவை அவர் முதுகைப் பாருங்கள். வில்லாக வளைந்திருக்கும். அரை மணி நேரம் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இவர்களுக்கோ நாள் முழுவதும் இதே இருப்பு.

முதுகு கிடக்கட்டும், மூச்சு? உளியிலிருந்து விழும் சுருள் சீவலால் பயமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மாவாகப் பறக்கிறதே, அந்தத் தூள்தான் பொல்லாதது. மரத்தூள் மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே அறிவித்துவிட்டது. பரிகாரம் பெரிய செலவில்லை. நல்ல முகமூடி, காற்றோட்டம், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது, உட்காரச் சிறிய மணை, நடுநடுவே எழுந்து நாலடி நடை.

இதையெல்லாம் அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் யார் படிக்கிறார்கள்? நம் வீட்டு மருந்துச் சீட்டையே நாம் படிப்பதில்லை! படம் என்றால் பேச்சு வேறு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டனில் விபத்துத் தடுப்புச் சங்கத்தார் டாம் எக்கர்ஸ்லி போன்ற சித்திரக்காரர்களைக் கொண்டே தொழிற்சாலைகளுக்கு எச்சரிக்கைப் படங்கள் வரையச் செய்தார்கள். நம் நாட்டிலும் 1966-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஏற்பட்டது; அது பிறந்த மார்ச் 4-ஆம் தேதியைப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் ஆலைச் சுவர்ப் படங்களில் நாம் பார்ப்பது தலைக்கவசமும் இயந்திரமும்தானே? தரையில் உட்கார்ந்து உளி பிடிப்பவர் அதில் தம்மை எங்கே காண்பார்?

கள்ளக்குறிச்சிக்கு அந்தக் கவலை எதற்கு? சித்திரக்காரரை வெளியூரிலிருந்து அழைக்கவே வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கை மூடிக்கொண்டு செதுக்கும் ஒரு சிற்பியை இவர்களே ஒரு பலகையில் செதுக்கிப் பட்டறையில் மாட்டலாமே! வேலை பழகும் பையன் குருவின் கையைப் பார்த்துத்தான் தாமரை கற்கிறான். அவருடைய கூனலையும் அப்படியே கற்றுக்கொள்கிறான். நல்ல இருப்பையும் கண்ணால் கற்கட்டுமே என்பது என் ஆசை.

சிற்பம் வாங்கும்போது பேரம் பேசாமல் இருக்கமாட்டீர்கள், தெரியும். பேசுங்கள். "மூக்குக்கு ஏதாவது கட்டிக்கொள்கிறீர்களா, ஐயா?" என்று கூடவே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மரத்தூள் போதும், இனி மலைக்காற்று! கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையில் ஏறினால் வெள்ளிமலை. இங்கே வாழும் மலையாளிகள் கேரளத்தவர் அல்லர், பேசுவது தமிழ்தான். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டுக் கூலியில்லாமல் உழைத்தவர்கள். இந்தப் பச்சை மலையிலா அத்தனை பாடு என்று மனசு கனக்கிறது. மேலே போனதும் காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போக மறக்காதீர்கள்.