புழங்கினால் பிழைக்கும்

பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறை என்று எங்கள் பக்கத்து ஊர்களில், ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர் வீட்டுக்குப் போனால் பீரோவின் மேல்தட்டிலோ பரணிலோ ஒரு தோல் உறை கிடக்கும். உள்ளே பெரும்பாலும் யாஷிகா மேட் 124ஜி இருக்கும். இல்லையென்றால் யாஷிகா எலக்ட்ரோ 35, பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்10. ரஷ்யத் தயாரிப்பான ஜெனிட்டும் உண்டு. ஸ்டூடியோ இல்லாத சாதாரண வீடுகளில் இந்தியாவிலேயே தயாரான அக்ஃபா க்ளிக் 3 இருக்கும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஊர் ஊராக ஓடிய கேமராக்கள் இவை. டிஜிட்டல் வந்ததும் துடைத்து, துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு மேலே ஏற்றிவிட்டார்கள்.

இவற்றை வாங்கிப் பிரித்து, பழுது நீக்கி, மறுபடியும் படம் எடுக்க வைப்பது என் தொழில். இதில் நான் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் அடிபட்டுப் புழங்கிய கேமரா பெரும்பாலும் பிழைத்துக் கிடக்கிறது. பத்திரமாகப் பூட்டி வைத்த கேமராதான் செத்துக் கிடக்கிறது.

காரணம் பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தொட்டால் அது வளரத் தொடங்கும். எங்கள் மாவட்டங்கள் வறண்ட பூமிதான். கடற்கரை ஊர்களின் உப்பங்காற்று இங்கே கிடையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். வெயில் வந்த பிறகும் அந்த ஈரம் லேசில் வெளியேறாது. இருட்டு, ஈரம், அசையாத காற்று, கண்ணாடியில் படிந்த விரல் எண்ணெய் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்போது பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சையைத் தடுக்காது. அன்போடு செய்த பாதுகாப்பே லென்ஸைத் தின்றுவிடுகிறது.

ஒரு லென்ஸ் கைக்கு வந்ததும் நான் முதலில் எடுப்பது டார்ச். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சி, முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். நேராக ஒளி அடித்தால் எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது மூன்று விதமாக இருக்கும். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் பால் படிந்த மாதிரி இருந்தால், கிரீஸ் ஆவியாகி ஒட்டிய படலம். ஓரத்தில் மட்டும் வானவில் நிறத்தில் பளபளத்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. முதல் இரண்டும் துடைத்தால் போகும். மூன்றாவதை வீட்டு மேசையில் சரிசெய்ய முடியாது. விலை பேசும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூஞ்சையைத் துடைக்க மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பஞ்சில் நனைத்து, கண்ணாடியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை. கழற்றும் ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் எது முன்பக்கம் என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்; திருப்பிப் போட்டால் அந்த லென்ஸில் ஒரு படமும் தெளிவாக விழாது. பூஞ்சை போன பிறகும் அது படர்ந்த தடம் சில லென்ஸ்களில் நிற்கும். பூஞ்சை விடும் அமிலம் மேல்பூச்சை அரித்த தழும்பு அது. அதைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பவர்கள் மிச்சமிருக்கும் பூச்சையும் எடுத்துவிடுகிறார்கள். மெல்லிய தழும்போடு அந்த லென்ஸ் நன்றாகவே படம் எடுக்கும். வெளிச்சத்தை எதிரே வைத்து எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

யாஷிகா மேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970இல் வந்து 1986 வரை தயாரிக்கப்பட்ட 124ஜியைத்தான் எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் நம்பிப் பிழைத்தார்கள். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. கீழே இருப்பது 80 மில்லிமீட்டர் யாஷினான், எஃப்3.5. அதற்குள் கோப்பால் ஷட்டர், ஒரு நொடியிலிருந்து 1/500 வரை.

பல வருடம் கிடந்த 124ஜியில் வேகமான எண்கள் அநேகமாக வேலை செய்யும். ஒரு நொடி, அரை நொடியில் வைத்தால்தான் திறந்த ஷட்டர் மூடாமல் நிற்கும். மெதுவான வேகங்களை நடத்தும் சின்னப் பற்சக்கரங்களில் பழைய எண்ணெய் இறுகிப் பிசினாகியிருப்பதுதான் காரணம். கீழ் லென்ஸின் முன்பாகம் மரையில் கழன்று வரும். வாயகன்ற ரப்பர் தக்கையை வளையத்தின் மேல் அழுத்தித் திருப்பினால் போதும். உள்ளே ஷட்டர் பிளேடுகள் தெரியும். பஞ்சுக் குச்சியின் நுனியில் லைட்டர் பெட்ரோல் தொட்டு அவற்றைத் துடைத்து, ஷட்டரை அடித்து, மறுபடி துடைத்து, பஞ்சில் கறுப்பு வராத வரை இதையே செய்ய வேண்டும். அவசரப்படவே கூடாது. தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஷட்டர் பிளேடு வறண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிளேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பிளேடுகளைத் துடைத்தும் ஷட்டர் நின்றால் பற்சக்கரங்கள் வரை பிரித்துப் போக வேண்டும். அப்போது ஸ்க்ரூக்களில் கவனம் வேண்டும். ஜப்பான் கேமராக்களின் ஸ்க்ரூ தலை பார்க்க நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூ போலத்தான் இருக்கும், ஆனால் குழியின் வடிவம் வேறு. ஜே.ஐ.எஸ். முனை வைத்த ஸ்க்ரூ டிரைவர்தான் அதில் சரியாக உட்காரும். சாதாரண டிரைவர் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். தலை சிதைந்த ஸ்க்ரூவைப் பார்த்தாலே, எனக்கு முன்னால் யாரோ அவசரக்காரர் உள்ளே போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

கேமராவைக் கொடுக்கும்போது, “தம்பி, இது ஓடாது. ஷோ-கேஸ்ல வைக்க வேணும்னா எடுத்துட்டுப் போங்க” என்றார் ஒரு பெரியவர். சரிசெய்த பிறகு அவரிடமே கொண்டுபோய் ஒரு நொடியில் வைத்து அடித்துக் காட்டினேன். பற்சக்கரம் ‘ஜ்ர்ர்ர்’ என்று ஒரே சீராகச் சுற்றி முடிந்து ‘டக்’கென்று மூடியது. “இன்னொரு தடவை அடிங்க” என்று கேட்டுவிட்டு, காதருகே வாங்கி வைத்துக்கொண்டார். இந்தச் சத்தம் தேயாமலும் திக்காமலும் ஒரே சீராக ஓடினால் ஷட்டர் தேறிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கருவியும் கையில் இல்லாதவர்களுக்குக் காதே முதல் கருவி.

அரியலூர்ப் பக்கத்துக் கேமராக்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரக் கடைகளில் இருந்தவற்றில் வெள்ளைத் தூசி போகஸ் மரைக்குள் போய், கிரீஸோடு சேர்ந்து, அரைக்கும் பசையாகிவிடும். இறுகிய வளையத்தைப் பலம் கொடுத்துத் திருப்பினால் மரை தேயும். முதலில் தூசியை ஊதி வெளியேற்ற வேண்டும். பிறகு பிரித்து, பழைய கிரீஸை முழுக்க எடுத்து, புதிதாக மெல்லியதாகத் தடவ வேண்டும். மரை ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அந்த இடத்தை ஊசியால் கீறிக் குறிப்பது மிக முக்கியம். அதில் பல தொடக்கங்கள் உண்டு. தவறான ஒன்றில் ஏற்றினால் வளையம் நன்றாகவே சுற்றும், தூரத்துக் காட்சி மட்டும் ஒருபோதும் தெளியாது.

அதனால் மூடியதும் தூரத்தைச் சோதிக்க வேண்டும். பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் திறந்து வைத்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். பெரம்பலூரில் மொட்டை மாடி ஏறினால் மேற்கே பச்சைமலை விளிம்பு போதும். அரியலூரில் அப்படி மலை இல்லை. தொலைவில் நிற்கும் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியின் உச்சியைப் பிடிக்கலாம்.

லைட் மீட்டரில் இன்னொரு சிக்கல். 124ஜியின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது தயாராவதில்லை. 1.5 வோல்ட் பட்டன் செல் போட்டால் கணக்கு தப்பும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் பேட்டரி 1.4 வோல்ட் தரும். அளவில் சின்னது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். மீட்டரே வேலை செய்யாவிட்டாலும் கவலை இல்லை. எங்கள் ஊர் வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப்16, 1/125 என்று வைத்தால் படம் வரும். மீட்டர் எந்தப் பரப்பையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளப்பதால், சுண்ணாம்புக்கல் வெட்டிய வெள்ளைத் தரையில் ஏமாந்துபோகும். அங்கே மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும்.

பிலிமுக்குச் செலவாகுமே என்று தயங்குபவர்கள் லென்ஸிலிருந்து தொடங்கலாம். ஜெனிட்டோடு வந்த ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீட்டர் எஃப்2, இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அருமையாக உட்காரும். அந்த மரை லென்ஸ் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி செய்யப்பட்டது. சோனி மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர்தான். மிச்சத்தை நிரப்புவது ஒரு வெற்று உலோக வளையம். அதற்குள் கண்ணாடியே கிடையாது. போகஸும் அப்பர்ச்சரும் உங்கள் விரலில். எங்கள் பக்கத்துச் சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தின் மேல்பட்டையை இந்த லென்ஸால் அருகிலிருந்து எடுத்துப் பாருங்கள். போகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு வரியாகத் தெளிந்து வரும்.

மெதுவான வேகங்களை ஏன் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு கங்கைகொண்ட சோழபுரம் பதில் சொல்லும். வடக்கு வாசல் படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சாயங்கால நிழலில் அந்த முகத்தை எடுக்க 1/30, 1/15 என்று இறங்க வேண்டும். தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. யாஷிகா மேட்டில் எகிறும் கண்ணாடி இல்லை, அதிர்வும் இல்லை. வாரைக் கழுத்தில் இறுக்கி, நெஞ்சோடு அணைத்து, மூச்சைப் பிடித்து அடித்தால் 1/15இலும் படம் நடுங்காது.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே டெவலப் செய்யலாம். 20 டிகிரி என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். சித்திரையில் எங்கள் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. மண்பானைத் தண்ணீரையும் ஐஸ் கட்டியையும் கலந்து இறக்கிக்கொள்கிறேன். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் ஆகாது. இந்த மண்ணின் சுண்ணாம்பு நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்துவிடும். அதனால் டிஸ்டில்டு வாட்டர்தான்.

ஊட்டியில் ‘இந்து’ பிலிமை 1967 முதல் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக் கிடக்கிறது. எங்கள் ஊர் ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாகவும் மொபைல் கடையாகவும் மாறிவிட்டன. அங்கிருந்த நெகட்டிவ்கள்? பலர் எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி மின்மயமாக்கியது. அந்தக் காரியத்தின் அருமை, ஒரு தலைமுறையின் முகங்கள் பழைய சாமான் கடைக்குப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு கேமரா இருந்தால் இன்றே இறக்குங்கள். எண்ணிக்கை முள் ஏதாவது எண்ணில் நின்றால் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே தாத்தாவோ அத்தையோ பாதி எடுத்த ரோல் இருக்கலாம். லேபுக்குத்தான் அது போக வேண்டும். காலியாக இருந்தால் உறையை விட்டு எடுத்து, கண்ணாடி அலமாரியில் சிலிகா ஜெல்லோடு வெளிச்சத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரை அடியுங்கள். விற்பதானால் கேமராவை விற்றுக்கொள்ளுங்கள், நெகட்டிவ்களை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வருகிற பொங்கலுக்கு ஒரு ரோல் போட்டு வீட்டுப் பெரியவர்களை எடுங்கள். 120 ரோலில் பன்னிரண்டு படம்தான், அது போதும்.