கொதிக்கும் நீரும் பொறுமையும்



பெருநாள் விடுமுறையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு செல்வோர் பலர். கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது காரின் வெப்பமுள் மேலே நகர்வதைக் கண்டிருப்பீர்கள்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரே சுமக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அதைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தெர்மோஸ்டாட் அவ்வழியை அடைத்து வைக்கும். 80 முதல் 90 பாகை செல்சியஸ் அளவில்தான் திறக்கும். மிகைக் குளிர்ச்சியும் எஞ்சினுக்கு ஆகாது. மீஸான் பற்றிய பாடத்தில் மாணவர்களுக்கு இக்கருவியை நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

ஏற்றத்தில் சுமை கூடுகிறது. வேகம் குறைவதால் முகப்பில் மோதும் காற்றும் குறைகிறது. விசிறி ஒன்றே துணை.

ஆபத்து மூடியில் இருக்கிறது. அது அழுத்தத்தைக் காப்பதால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். சூட்டோடு திறந்தால் அக்கணமே நீராவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். பதறி இறங்குவோர் முதலில் செய்வது பெரும்பாலும் இதைத்தான். அருகில் நின்று எட்டிப்பார்க்கும் குழந்தைகளும் நம்மிடம் அமானிதம் அல்லவா?

முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள். ளுஹர் நேரமாயின் ஜமாஅத்தாகத் தொழுதுகொள்ளலாம். நன்கு ஆறியபின் தடித்த துணியால் மூடியைப் பற்றி மெதுவாகத் திறந்து கூலண்ட் ஊற்றுங்கள். வேறின்றி உளூவுக்கு வைத்த நீரை ஊற்ற நேர்ந்தாலும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சூடான உலோகத்தில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழக்கூடும்.