மிதி, பிடி, விடு

அப்பா விட்டுச்சென்றவற்றுள் எங்களால் பங்குபோட முடியாமற்போனது ஒன்றே ஒன்றுதான்: 2004இல் அவர் வாங்கிய மாருதி எண்ணூறு. வீட்டையும் நிலத்தையும் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் இருவரும் வண்டியை மட்டும் பொதுவில் வைத்தோம். சேலத்தில் அம்மா இருக்கும் வீட்டு வாசலில் அது நின்றது. தேவைப்பட்டவர் எடுத்துச் செல்வார். எடுத்தவர் பெட்ரோல் போடுவார். மற்ற பராமரிப்பை யார் கவனிப்பது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பாகப்பிரிவினைக்குப் பிறகு நாங்கள் எதைப் பற்றியுமே அதிகம் பேசிக்கொள்வதில்லை.

2023 மே மாதம், ஏற்காட்டு மலர்க்கண்காட்சியைப் பார்க்க வேண்டுமென்று அம்மா ஆசைப்பட்டதால் மூவரும் போனோம். திரும்பும் வழியில் சேலம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பால பாடம். அன்று ஓட்டியவன் அதை மறந்தான். பக்கத்தில் இருந்தவனுக்கு நினைவுபடுத்த வாய் வரவில்லை. பிரேக்கிலேயே காலை வைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வளைவுகளைக் கடந்தபோது மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. வண்டி நிற்கவில்லை.

கியரைக் குறைத்து, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலையை ஒட்டிய ஓரத்தில் ஒருவழியாக நிறுத்தினோம். கைபிரேக் கம்பி வடத்தால் இயங்குவது. அதற்கு ஆயில் தேவையில்லை. அதனால்தான் பிழைத்தோம். பின் இருக்கையில், மடியில் வைத்திருந்த ரோஜாத் தொட்டியை இரு கைகளாலும் பற்றியபடி அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடவாததுபோல் மிதி கெட்டியாக நின்றது!

மறுநாள் மெக்கானிக் பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கருப்பட்டிக் காபியின் நிறம். "இதை எப்பங்க மாத்துனீங்க?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தம்பியும், தம்பி பார்த்துக்கொள்வான் என்று அண்ணனும் இருந்திருக்கிறோம்.

பிரேக் ஆயில் என்று வழக்கில் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆன திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்வரை இதனால் தொல்லை தெரியாது. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போதுதான் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் பாஸ்கல் விதிப்படி நம் காலின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஆவியோ அமுக்கினால் சுருங்கிவிடும். காலின் வலு முழுவதும் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஆறியபின் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் தடயமும் இராது.

மெக்கானிக்கிடம் விட்டுவிடத்தான் நினைத்தோம். அம்மா குறுக்கிட்டார். "அப்பா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாசல்லயே பண்ணுவாரு கண்ணு. நாந்தான் உள்ள உக்காந்து மிதிச்சுக் குடுப்பேன். அவரு விடுன்னாத்தான் விடோணும். இல்லாட்டித் திட்டுவாரு." அப்பாவின் நாட்குறிப்பையும் எடுத்து வந்தார். தேதி, ஓடிய தூரம், சக்கரங்களின் வரிசை எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பதிவு 2018 ஜனவரி. மறு ஆண்டு அவர் காலமானார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தோம். டப்பாவிலிருந்த பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினோம். அப்பா எழுதியிருந்த வரிசைப்படி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரம் முதலில். இந்த வரிசை வண்டிக்கு வண்டி மாறும்; அவரவர் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. சக்கரத்தின் உட்புறமுள்ள நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய புட்டிக்குள் மூழ்கவைத்தோம்.

இதை 'ஏர் எடுப்பது' என்பார்கள். ஒருவன் உள்ளே மிதியில், மற்றவன் சக்கரத்தடியில். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். அப்போது நிப்பிளைத் திறந்தால் பழைய ஆயில் குமிழ்களோடு வெளியேறும், மிதி தரைவரை இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே "விடு". மூடுமுன் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுவிடும். உள்ளிருப்பவனுக்குச் சக்கரம் தெரியாது. கீழிருப்பவனுக்கு மிதி தெரியாது. சொல்லை நம்பித்தான் வேலை.

இரண்டாம் சக்கரத்தில், சொல்லுக்கு முன்பே கால் எடுக்கப்பட்டுவிட்டது. குழாயில் குமிழ்கள் பின்னோக்கி ஓடின. "நான் சொன்னேனா?", "நீ சொன்னதுபோல் கேட்டதே!" என்று தொடங்கிய தர்க்கம் ஆயிலில் நிற்கவில்லை; நிலத்துக்குப் போயிற்று, கிணற்றுக்குப் போயிற்று, மருத்துவமனையில் அப்பாவோடு யார் எத்தனை இரவு இருந்தோம் என்பதுவரை போயிற்று. நான்கு ஆண்டுகளாகச் சொல்லாதவற்றையெல்லாம், முகம் பாராமல், ஒருவன் வண்டிக்குள்ளும் ஒருவன் வண்டிக்கு அடியிலுமாகப் பேசித் தீர்த்தோம். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் குரல் அடங்கியதும், "டப்பாவுல ஆயில் கொறஞ்சிருக்கும், பாருங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். இன்னும் நான்கு மிதி மிதித்திருந்தால் டப்பா வற்றிக் காற்று புகுந்திருக்கும்.

மதியத்துக்குள் நான்கு சக்கரங்களிலும் இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த ஆயில் வந்தது. பெயின்ட்டின் மேல் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், இல்லாவிட்டால் அரித்துவிடும். திறந்த புட்டியின் மிச்சத்தை எடுத்துவைக்கவில்லை. அதுவும் ஈரத்தைக் குடிக்கும். பழையதைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தோம். மெக்கானிக் ஒருமுறை மிதித்துப் பார்த்து, கசிவு இல்லையென்று உறுதி செய்த பிறகே சாலையில் எடுத்தோம்.

அன்று மாலை நாட்குறிப்பில் அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே தேதியையும் ஓடிய தூரத்தையும் எழுதினோம். மறுமுறை 2025இல் செய்தோம். இடையில் எங்களுக்குள் எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கிணற்று விவகாரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அம்முறை, "விடு" என்ற சொல் வருமுன் ஒருமுறைகூடக் கால் எடுக்கப்படவில்லை.