கோடையைத் தாண்டும் கேன்கள்

“குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வைக்கவும்.” கடற்பாசித் திரவ உரம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் கேனின் முதுகில் இப்படி ஒரு வரி இருக்கும். அமீரகத்தின் அல் ஐன் பக்கத்தில் ஆகஸ்ட் மாதத்தில் அந்த மூன்றும் ஒருசேர வேண்டுமென்றால் அர்பாபின், அதாவது முதலாளியின், மஜ்லிஸுக்குள்தான் (விருந்தினர் கூடம்) கொண்டுபோய் வைக்க வேண்டும். உலர்வுக்குப் பஞ்சமில்லை, குளிர்ச்சிக்குத்தான் கரண்ட் பில் கட்ட வேண்டியிருக்கிறது. இதே வட்டாரத்து ஸ்வைஹானில் 2025 ஆகஸ்ட் 1 அன்று 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. தகரக் கூரை போட்ட ஸ்டோரில் ஏசி அரை நாள் நின்றால் உள்ளே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் போனது ஆகஸ்ட் கடைசியில். வெள்ளரி பிரதானம், கொஞ்சம் தக்காளி, குடைமிளகாய், வேலியோரம் கலாஸ் பேரீச்சை என்று நடக்கும் நடுத்தர மஸ்ரா. பண்ணையை நம் ஆட்களும் இங்கே மஸ்ரா என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வங்காளதேசத்துப் பையன்களும் பாகிஸ்தான் பையன்களும் அவரைச் ‘சாச்சா’ என்று கூப்பிடுகிறார்கள். நான் அண்ணே என்றேன்.

வளைகுடாவில் திறந்தவெளிக் காய்கறிப் பட்டம் செப்டம்பர் வாக்கில் தொடங்கி மே மாதத்தோடு முடிகிறது. உரம் செலவாவது அந்த மாதங்களில். செலவாகாமல் மிஞ்சிய கேன்கள், வருடத்தின் மிக மோசமான மாதங்களை மூடிய கதவுக்குள் கழிக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் முப்பது, மிஞ்சினால் நாற்பது டிகிரிக்குள் வைக்கச் சொல்கின்றன. அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஸ்டோரைத் திறந்து பார்ப்பது இங்கே ஒரு தனி வேலை. எது பிழைத்தது, எது போனது என்று பார்த்த பிறகுதான் புதுச் சரக்குக்கு ஆர்டர்.

அண்ணன் கேனைத் திறப்பதற்கு முன் அதன் தோளைப் பார்க்கிறார். இருபது லிட்டர் கேனின் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் கட்டைவிரலால் அமுக்குகிறார். அமுங்காமல் திருப்பித் தள்ளினால் அந்தக் கேன் வெளியே போகிறது. மற்றவற்றின் மூடியைச் சுற்றி ஈரத்துணியால் துடைக்கிறார். மூடியின் வரிகளில் மணல் உட்கார்ந்திருக்கும். துடைக்காமல் திருகினால் அத்தனையும் உள்ளே விழும். மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, முகத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறார். உஸ்ஸென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கிறார். அப்புறம்தான் மூக்கு. நல்ல கேனில் கரையில் காயும் பாசியின் வாடை, அதோடு கட்டங்காப்பி போல ஒரு கசப்பு. கெட்டதில் அழுகிய முட்டை. கடைசியாக, கழுவிக் காயவைத்த பிவிசி குழாயை அடிவரை விட்டுக் கலக்குகிறார். அடியில் தங்கிய வண்டல் கலங்கி மேலே வந்தால் குற்றமில்லை. குழாயில் சளியாக ஒட்டிக்கொண்டு வந்தால் குற்றம்தான். அன்றைக்குப் பதினொரு கேன்களில் இரண்டு தேறவில்லை.

கேன் ஏன் உப்புகிறது? பாசிச் சாற்றில் சர்க்கரை வகைகள் நிறைய. அஸ்கோபில்லம் போன்ற குளிர்கடல் பழுப்புப் பாசியில் மானிட்டால், லாமினாரின், ஆல்ஜினேட் எல்லாம் உண்டு. நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. அதைத் தடுக்கத்தான் பல கம்பெனிகள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுச் சாறெடுத்துக் காரத்தன்மையோடு விடுகின்றன, அல்லது சோர்பேட் போன்ற பதப்படுத்திகளைச் சேர்க்கின்றன. கம்பெனி சீல் இருக்கும்வரை அந்தக் காவல் தாங்கும். திறந்தபின் ஒருவன் வாளித் தண்ணீரில் முக்கிய மக்கை அப்படியே கேனுக்குள் விட்டால் கதை மாறிவிடும். அதற்குமேல் நாற்பது டிகிரி சூடு கிடைத்தால் நொதிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? “வெயிலவிட மக்குதான் தம்பி எனக்கு எதிரி” என்றார் அண்ணன். இப்போது கேன்களைச் சாய்த்து வைத்துக் குழாய் பொருத்தியிருக்கிறார். அளவு மக் குழாய்க்கு வெளியேதான் நிற்கும். அளந்து மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றினால் திட்டு விழும்.

பாதி காலியான கேனை அவர் அப்படியே விடுவதில்லை. ஐந்து லிட்டர் கேன்களுக்கு மாற்றி விளிம்புவரை நிரப்பிவிடுகிறார். உள்ளே காற்று குறையும். வெள்ளைக் கேனாக இருந்தால் கறுப்புப் பாலித்தீன் சுற்றுகிறார். ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதையும் என்ற வேதியியலை அவர் படித்ததில்லை. ஜன்னலோரத்துக் கேன் முதலில் நிறம் மாறியதைப் பார்த்திருக்கிறார். திறந்த தேதி மார்க்கர் பேனாவில், கேனின் நெற்றியில். இரண்டு அடுக்குக்கு மேல் ஏற்றுவதில்லை. எல்லாம் மரப்பலகை மேல்தான், ஒழுகினால் உடனே கண்ணில் படும்.

இந்தக் கேன்களில் சில நம் ஊர்ப் பாசியாகவும் இருக்கலாம். ராமநாதபுரம் கரையில் மூங்கில் மிதவை கட்டிக் கப்பாஃபைகஸ் என்ற பாசியை வளர்க்கும் பெண்களை மண்டபம் பக்கத்தில் முன்பு பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், அறுத்த பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றை உரத்துக்கும் சக்கையைக் காராஜீனனுக்கும் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவின் ‘சாகரிகா’ பாசி உரம் அந்த வழியில் வந்ததுதான். 2013-14 வாக்கில் கடல் சூடேறியபோது அந்த மிதவைகளில் பாசி கூட்டமாகச் செத்து, உற்பத்தி சரிந்தது. கடல் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டதற்கே தாங்காத பாசியின் சாற்றை ஐம்பது டிகிரி வெயிலில் தகரக் கொட்டகையில் அடுக்கிவைத்துவிட்டு, “மருந்து வேலை செய்யலை” என்று குறை சொல்பவர்களை என்ன சொல்வது!

வேலை செய்யும் என்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்கில் இது சொற்பம். 2021-ல் இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் ‘உயிர்த்தூண்டி’ என்ற வகை வந்தபோது கடற்பாசிச் சாறும் அதில் சேர்ந்தது. உப்புத் தண்ணீரிலும் சூட்டிலும் திணறும் செடிக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும். இந்த ஊருக்கு அது பெரிய விஷயம். சேல்ஸ்மேன்கள் சொல்லும் விளைச்சல் கணக்கை நான் எழுதப்போவதில்லை.

மாலையில் அண்ணன் ஒரு சோதனை செய்து காட்டினார். இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் மஸ்ராவின் போர்த் தண்ணீர். இரண்டிலும் லிட்டருக்கு ஐந்து மில்லி கணக்கில் ஒரே கேனின் சாறு. முதல் பாட்டில் டீத்தண்ணியாகத் தெளிந்து நின்றது. இரண்டாவதில் மெல்லிய பழுப்புத் திரிகள் மிதக்க ஆரம்பித்தன. போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆல்ஜினேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கூழாகும். கால்சியம் நைட்ரேட் கரைத்த டாங்கில் ஊற்றினால் இன்னும் மோசம். அமிலம் கடுமையாக இருக்கும் டாங்கும் ஆகாது, அங்கே ஆல்ஜினிக் அமிலமாகத் திரிந்துவிடும். போன வருடம் புதிதாக வந்த ஒருவர் மிச்சமிருந்த சாற்றைக் கால்சியம் டாங்கிலேயே ஊற்றி வைத்துவிட்டார், “வீணாகக் கூடாதே” என்று. ஒரு நெட் ஹவுஸ் முழுக்க டிரிப்பர் அடைத்துக்கொண்டது. ஊசி வைத்து ஒவ்வொன்றாகக் குத்தினார்கள். அதிலிருந்து பாசிக்கென்று தனி டாங்க், கரைத்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

ஸ்டோரில் ஒரு ஏசி ஓடுகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் பையன்களுக்கு இந்த அறைமேல் ஒரு கண். அண்ணன் விடுவதில்லை. காரணம், அதே அறையின் மறுபக்கத்து அலமாரியில் பூச்சிமருந்து இருக்கிறது. “உரத்துக்கு ஏசி, எங்களுக்கு ஃபேனா சாச்சா” என்று ஒருவன் கேட்டானாம். கேள்வி நியாயமானது. பூச்சிமருந்தை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி அர்பாபிடம் பேசியிருக்கிறாராம். பையன்களின் போர்ட்டா கேபினுக்கும் புது ஏசி கேட்டிருக்கிறார். முதலில் வந்தது ஸ்டோருக்குப் பலகைதான்.

தூள் வாங்கினால் இந்தப் பாடு பாதி குறையும் என்பது என் கட்சி. தண்ணீரைக் கப்பலேற்றி ஜெபல் அலி துறைமுகம் வரை கொண்டுவந்து, வெயிலில் கன்டெய்னரோடு வேகவைப்பானேன்? அண்ணன் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. தூள் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடுமாம். அல் ஐனில் சமாளிக்கலாம், ராஸ் அல் கைமா கடலோர மஸ்ராவில் மூட்டையை ஒருமுறை பிரித்தால் தீர்ந்தது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சேல்ஸ்மேன் போன் செய்து இருநூறு லிட்டர் டிரம் எடுத்தால் நல்ல தள்ளுபடி என்றார். அண்ணன் இருபது லிட்டர் கேனாக, இரண்டு தவணையில், அக்டோபரிலும் ஜனவரியிலும் வேண்டும் என்றார். மே மாதம் கையில் ஒரு கேனுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு. தள்ளுபடி போனது.

தேறாத இரண்டு கேன்களையும் டிரம் தண்ணீரில் நன்றாக நீர்க்கச் செய்து, காற்றுத் தடுப்புக்கு நட்ட மரங்களின் அடியில் ஊற்றினார்கள். கேன்களை மூன்று முறை அலசியதும் அண்ணன் டிரில்லை எடுத்து அடிப்பக்கம் நான்கு ஓட்டை போட்டார். கேன் கேட்டுக் காத்திருந்த பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. “ரூம்ல தண்ணி புடிக்க நல்ல கேன் வேணும்னா கேளுடா, லுலுவுல வாங்கித் தர்றேன்” என்று இந்தியும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு, அடுத்த கேனிலும் டிரில்லை வைத்தார்.