நினைவகம் பத்தலையாம், நம்பாதீங்க!

பி.காம் படிக்கிறவனுக்கு யூனிக்ஸ் சர்வர்ல என்ன வேலைன்னு கேட்கறீங்களா? நான் பகுதிநேரமா போற ஆடிட்டர் ஆபீஸ்ல சோலாரிஸ் 10 ஓடுற பழைய சன் சர்வர் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு மென்பொருளைக் கம்பைல் பண்ணினா, பாதியில 'நாட் இனஃப் ஸ்பேஸ்'னு நின்னுடும். பார்க்க வந்த சர்வீஸ்காரர், "ரேம் பத்தாது சார், புது மெஷினே வாங்கிடுங்க"ன்னுட்டார். சின்ன ஆபீஸுக்கு அது பெரிய செலவு. "தம்பி, நீ கொஞ்சம் பாரேன்"னார் ஆடிட்டர்.

முதல் குழப்பமே அந்த வாசகம்தான். டிஸ்க் நிறைஞ்ச மாதிரி தோணும். ஆனா டிஸ்க் நிறைஞ்சா வர்றது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. இதுக்கு அர்த்தம், நினைவகம் கேட்டுக் கிடைக்கலைங்கறது.

கிடைக்கலைன்னா இல்லைன்னு ஆயிடாது. இங்கதான் நம்ம காமர்ஸ் மூளை உதவிச்சு :-) லினக்ஸ் வழக்கமா கையிருப்புக்கு மேலயும் வாக்குக் கொடுக்கும், நிஜமாவே தீர்ந்துபோனா ஏதாவது ஒரு புராசஸைக் கொன்னுடும். சோலாரிஸ் கறார் பேர்வழி. கேட்கும்போதே ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த கணக்குல அந்த அளவை ஒதுக்கிடும். ஒதுக்க வழியில்லைன்னா, ரேம்ல இடம் சும்மா கிடந்தாலும் கையை விரிச்சுடும்.

அதனால கணக்கைப் பார்த்தேன். 'ஸ்வாப் -எஸ்' கட்டளை கொடுத்தா, மிச்சம் ரொம்பக் கம்மி. யார் சாப்பிட்டது? சோலாரிஸ்ல டெம்ப் டைரக்டரி வழக்கமா டிஸ்க்ல இருக்காது, அதுவும் இதே கணக்குலதான். அங்கே மாசக்கணக்கா பழைய பேக்கப் கோப்புகள் தூங்கிட்டிருந்தது. கம்பைலரும் தன்னோட தற்காலிகக் கோப்புகளை அங்கேயேதான் எழுதும்!

பேக்கப்பையெல்லாம் டிஸ்குக்கு மாத்தினோம். கம்பைலரோட தற்காலிகக் கோப்புகளையும் டிஸ்குக்குத் திருப்பிவிட்டோம். 'எம்கே-ஃபைல்' கட்டளையில 1 ஜிபி கோப்பு உருவாக்கி, 'ஸ்வாப் -ஏ' கொடுத்து ஸ்வாப்ல சேர்த்தோம். 'மேக்'ல ஒரே நேரத்துல நாலு வேலை ஓடினதை ஒண்ணாக்கினோம். ராத்திரி முழுக்க ஓடி, காலையில முடிஞ்சிருந்தது. செலவு 0 ரூபாய்.

எல்லா இடத்துலயும் இது பலிக்காது. 32-பிட் கம்பைலருக்கு 4 ஜிபிக்கு மேல தேவைப்பட்டா எவ்வளவு ஸ்வாப் சேர்த்தும் பிரயோஜனமில்லை. 'யூலிமிட்' வரம்பு தடுத்தா அதைத்தான் தளர்த்தணும்.

அந்த சர்வரையும் ஒருநாள் மாத்தத்தான் வேணும். ஆனா பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: நிஜமாவே தீர்ந்துபோச்சா, இல்ல யாராவது பிடிச்சு வெச்சிருக்காங்களா?